விலகல் படிவம்

இறந்த தந்தையின் மையத்தைக் குளிப்பாட்டக் காய்ச்சிய தண்ணீரை ஹஸீபா வாளியில் ஊற்றிக்கொண்டிருந்தபோது ஹரிநாராயணன் வாசலில் வந்து நின்றார். மருதம்பட்டைச் சாறு ரத்தத்தில் கொழுப்பைக் குறைக்கிறதா என்று ஆட்களுக்குக் கொடுத்துச் சோதிக்கும் கம்பெனியின் ஆள். ஜூ டவுன் மிளகுக் கிடங்கில் மூட்டை தூக்கிய அவளுடைய அத்தா சிகாபுதீன், அந்தச் சோதனையில் சேர்ந்து மூன்று மாதமாகக் குளிகை விழுங்கியவர். இன்று விடியலில் சுபுஹு தொழ எழுந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார்.

"ஹஸீபா, இதுல ஒரு ஒப்பு போட்டா மதி."

கையெழுத்துக்கு அவர் நீட்டிய தாள் மலையாளத்தில் இருந்தது. அத்தாவுக்குத் தமிழ் மட்டும்தான் வாசிக்க வரும். சேரும்போது எதில் கையெழுத்துப் போட்டார் என்று அவருக்கே தெரியாது. ஹஸீபா வாசித்தாள். சிகாபுதீன் போன வியாழக்கிழமையே சொந்த விருப்பத்தில் சோதனையிலிருந்து விலகிவிட்டாராம்.

"நேத்து ராத்திரி என் முன்னாடிதானே முழுங்கினாரு?"

"இல்லல்லோ, நிறுத்தறேன்னு ஃபோன்ல பறஞ்சாரு..."

"டாக்டர் குடுத்த கொழுப்பு மாத்திரையைத்தான் நிறுத்தினாரு. அதுவும் நீங்க சொல்லி. ரெண்டும் சாப்பிட்டா எதுல குறைஞ்சுதுன்னு தெரியாதுன்னீங்க. போன வருஷம் அட்டாக் வந்த மனுஷன்கிட்ட!"

அவர் குரலைத் தாழ்த்தினார். "வயசு அறுபத்திரண்டு ஆச்சல்லோ."

"மூட்டை தூக்க வயசாகல. உங்க குளிகைக்கும் வயசாகல. சாகறதுக்கு மட்டும் ஆயிடுச்சா?"

சத்தம் கேட்டு, அத்தாவின் தம்பி ஷாஃபி உள்ளேயிருந்து வந்தார். "மையத்து கெடக்குற வீட்ல என்னம்மா இது? போட்டுக் குடுத்து அனுப்பு."

"போட்டா, அத்தா இவங்க சோதனைல சாகவேயில்லைன்னு ஆயிடும் சின்னத்தா."

ஷாஃபி தாளை வாங்கி, முழுக்க வாசித்துவிட்டு அவளிடமே திருப்பிக் கொடுத்தார்.

ஹஸீபா விலகிய தேதியைக் கோடிட்டு அடித்தாள். 'நேற்று இரவு வரை சாப்பிட்டார். இன்று இறந்தார்' என்று மலையாளத்தில் எழுதிக் கையெழுத்திட்டாள். ஃபோனில் படமெடுத்த பிறகே தாளைத் தந்தாள்.

"ஃபார்ம் வேஸ்ட் ஆயிப்போச்சல்லோ," என்றார் ஹரிநாராயணன்.

சந்து முழுக்க ஆட்கள் நின்றதால் அவரால் ஸ்கூட்டரை எடுக்க முடியவில்லை. சுவரோடு ஒட்டி நின்றுகொண்டிருந்தார். மதிய லுஹர் தொழுகைக்கு முன்பு, மையத்தை வைத்த சந்தூக்கு வெளியே வந்தபோது, யாரோ வேண்டியவர் என்று நினைத்துக் கிடங்குத் தொழிலாளி ஒருவர் அவர் கையைப் பிடித்து இழுத்தார்.

"தோள் குடுங்க சேட்டா."

பத்தடிக்கு ஒருமுறை பின்னால் வருகிறவர் தோளை மாற்றிக்கொள்வது வழக்கம். ஹஸீபா ஜன்னலில் நின்று பார்த்தாள். மற்ற மூன்று முனைகளிலும் ஆட்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். ஹரிநாராயணன் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி நடந்தார். அவருக்கு நேர் பின்னால் போன ஷாஃபி, பள்ளிவாசல் திருப்பம் வரை தோள் மாற்றக் கை நீட்டவில்லை.