சந்தியாவுக்கு ஒரு தட்டு

மலைமேல் இருக்கும் இத்தாலிச் சாப்பாட்டுக் கடைக்கு ஞாயிற்றுக்கிழமை போகலாம் என்று நான் சொன்னதும் இளவரசன் உடனே சரி என்றது எனக்குப் பிடிக்கவில்லை. எதற்கும் அப்படிச் சம்மதிக்கிற ஆள் இல்லை அவர். ஆவணியில் எங்களுக்குக் கல்யாணம். அன்றிலிருந்து ஹாலில்தான் பாயைப் போட்டுப் படுக்கிறார். கேட்டால், "உள்ள புழுக்கமா இருக்குது" என்பார். இப்போது மார்கழி. இன்னும் புழுக்கம்தான்.

அந்தக் கடைக்குப் போக ஆசைப்பட்டவள் நான் இல்லை. சந்தியா, அவருடைய முதல் மனைவி. போனில் பீட்சா வீடியோ பார்த்துவிட்டுக் கேட்டுக்கொண்டே இருந்தாளாம். அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று இவர் தள்ளிக்கொண்டே வந்தாராம். பிறகு அவளுக்குக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனவள் வீட்டுக்குத் திரும்பவில்லை.

எங்கள் பக்கத்தில், மஞ்சள் குங்குமத்தோடு செத்தவளை மறந்துவிட்டு அந்த வீட்டில் நல்ல காரியம் செய்ய மாட்டார்கள். பூவாடைக்காரி என்று அவளைக் கும்பிட்டு, புதுப் புடவை வைத்து, அவள் ஆசைப்பட்டதை எச்சில் படாமல் படைக்க வேண்டும். புருஷன் தன் வாயால் பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும். கூப்பிட்டதும் எல்லோரும் வெளியே வந்து கதவைச் சாத்திவிட வேண்டும். அவள் சாப்பிடுவதை யாரும் பார்க்கக் கூடாது. சாப்பிட்டுவிட்டு, அடுத்து வந்தவளுக்கு வழிவிட்டுப் போவாள். கூப்பிட்டுவிட்டுப் பசியோடு விட்டால் போக மாட்டாள். எங்கள் கல்யாணத்துக்கு முன்னால் இதைச் செய்ய இளவரசன் மறுத்துவிட்டார். ரிஷிவந்தியம் கோயிலில் தாலி கட்டியதோடு சரி.

"அவ பசியோட நின்னுக்கினு இருக்கறா," என்றார் மாமியார் பாப்பாத்தி. "உம்மேல கோவம் கெடையாது. பசி, அவ்ளோதான்."

நான் நூல் மில்லில் ராத்திரி ஷிப்ட் பார்த்தவள். இருட்டுக்குப் பயப்படுகிறவள் இல்லை. ஆனால் தாலியை மட்டும் கட்டிக்கொண்டு களமருதூரில் இருக்கும் அம்மா வீட்டுக்குத் திரும்ப எனக்கு விருப்பமில்லை. எனக்குப் புருஷன் வேண்டும். அதற்கு அவளுக்குச் சோறு போட்டு அனுப்ப வேண்டுமென்றால், போட்டு அனுப்பிவிடுவோம். புதுப் புடவையையும் ஒரு முழம் மல்லிகையையும் பையில் வைத்துக்கொண்டேன். அவரிடம் சொல்லவில்லை.

கரியாலூர் தாண்டி, ஒரு பழைய பங்களாவில் இருந்தது கடை. பின்கட்டில் விறகு அடுப்பு. சாப்பாட்டு நேரம் முடிந்து கூட்டம் போயிருந்தது. எங்களுக்குக் கதவு போட்ட தனி அறை கிடைத்தது. பரிமாறுகிறவர் பெயர் ராசு, மலைக்காரர், நாற்பது வயது இருக்கும்.

"எத்தினி பேருங்க?"

"ரெண்டு," என்றார் இளவரசன்.

"மூணு," என்றேன் நான்.

"யாரு வராங்க?"

"வருவாங்க."

முதலில் ஒரு கிண்ணத்தில் பாஸ்தா வந்தது. இளவரசன் முள்கரண்டியால் ஒன்றைக் குத்தித் தூக்கிப் பார்த்தார். "ஏய், இன்னா இது, சேமியாவுக்கு மாமனாராட்டம் இருக்குது?" என்று சிரித்தார். என்னிடம் அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை. பையைத் திறக்காமலே போய்விடலாமா என்று ஒரு நிமிடம் நினைத்தேன்.

பிறகு எங்கள் இரண்டு பீட்சாவும் வந்தன. அவர் ஒரு வாய் கடித்தார். "நல்லாத்தான் இருக்குது. இதுக்கா அவ..." என்றவர் நிறுத்திக்கொண்டார். துண்டைத் தட்டில் வைத்தவர் மறுபடி எடுக்கவில்லை.

மூன்றாவது தட்டு வந்தது. அதைக் காலி நாற்காலிக்கு எதிரே தள்ளி வைத்தேன். புடவையை எடுத்து நாற்காலியில் வைத்து, அதன்மேல் பூவை வைத்தேன்.

"ஏய். இன்னா பண்றே?"

"படையல் போடறேங்க."

"ஓட்டல்லயா? பைத்தியம் கிய்த்தியம் புடிச்சிடுச்சா?"

"பேரு சொல்லி ஒரு வாட்டி கூப்புடுங்க. போதும்."

"முடியாது."

"அப்ப போவும்போது என்னைக் களமருதூர்ல எறக்கி வுட்டுடுங்க."

பீட்சாவிலிருந்து ஆவி போய்க்கொண்டிருந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சந்து," என்றார். "வாம்மா. ஆறிப்போவுது பாரு. நீ கேட்ட எடத்துக்கே வந்துட்டோம் பாரு."

அப்படி ஒரு குரல் அவரிடம் இருப்பது எனக்குத் தெரியாது. எனக்கு இதுவரை 'ஏய்' மட்டும்தான். அது அனுப்பி வைக்கிறவரின் குரலும் இல்லை.

வெளியே வந்து கதவைச் சாத்தினோம். முற்றத்தில் பனி இறங்கி, நாங்கள் வந்த கார்கூட மங்கலாகத்தான் தெரிந்தது.  போதும் என்று தோன்றியபோது நான்தான் கதவைத் திறந்தேன்.

மேசை துடைத்துச் சுத்தமாக இருந்தது. ஈரம்கூடக் காயவில்லை. நாற்காலியில் புடவையும் பூவும் வைத்தது வைத்தபடி. சமையற்கட்டுப் பக்கத்துக் கதவருகே ராசு துணியோடு நின்றிருந்தார். அப்படி ஒரு கதவு இருப்பதை நான் கவனித்திருக்கவில்லை.

"எங்கங்க அது?"

"எழுந்து போயிட்டீங்களேன்னு எடுத்துட்டேங்க. ஒண்ணு முழுசா அப்படியே இருந்துது. புடிக்கலையாட்டம்னு பின்னாடி கொட்டிட்டேன். நீங்க சாப்ட்டதுல மிச்சம் பார்சல் பண்ணியிருக்கறேன்."

"இன்னொண்ணு போடுங்க."

"மாவு தீந்துடுச்சிங்க. அடுப்பும் அணைச்சாச்சி."

பார்சலைக் கையில் வாங்கினேன். நாங்கள் கடித்தது. எச்சில். செத்தவளுக்கு அதை வைக்க முடியாது.

ராசு அப்போதுதான் நாற்காலியைப் பார்த்தார். முகம் மாறியது.

"கூப்ட்டாச்சிங்களா?" என்றார் மெல்ல.

தலையாட்டினேன். அவர் சுவரோரம் ஒதுங்கி நின்று வழிவிட்டார். நான் அவரைக் கடந்து போன பிறகும் அப்படியே ஒதுங்கி நின்றார்.

இளவரசன் எனக்கு முன்பே போய்க் காரில் உட்கார்ந்திருந்தார். உள்ளிருந்தபடியே முன்பக்கக் கதவைத் திறந்து வைத்திருந்தார். நான் பக்கத்தில் போனேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

"பாத்து ஏறு," என்றார். "சேறா இருக்குது."

சந்துவைக் கூப்பிட்ட அதே குரல்.

கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு பின்கதவைத் திறந்து பின்சீட்டில் ஏறிக்கொண்டேன். ஏன் பின்னால் ஏறினாய் என்று அவர் கேட்கவில்லை. காத்திருந்தார். பிறகு எட்டி, முந்தானை சிக்கிவிடாமல் பார்த்துச் சாத்துவதுபோல, முன்கதவை மெதுவாகச் சாத்தினார்.