பாதியில் விலகும் வேலை

என் மகள் மறுபடியும் பந்தயத்தில் ஓடப் போகிறாள் என்று உறவுக்காரர்கள் எல்லோருக்கும் நானே போன் போட்டுச் சொன்னேன். எங்கள் வீட்டுச் செய்தியை நாங்களாகத் தேடிப் போய்ச் சொல்வது வழக்கமில்லை. இதைச் சொல்ல வேண்டியிருந்தது. பல வருடங்களுக்கு முன்னால், ஒரு பெரிய ஓட்டப்பந்தயத்தில் குதிகால் தசைநார் அறுந்து அவள் பாதியில் விலகினாள். அறுவை சிகிச்சை, ஊன்றுகோல், பிறகு ஆஸ்பத்திரி லேப்பில் ரத்தம் எடுக்கும் வேலை என்று அவள் வேறு பாதைக்குப் போய்விட்டாள். உறவில் மட்டும் ‘பாதியில விட்டுட்டு வந்த பொண்ணு’ என்ற பேச்சு நிலைத்துவிட்டது. அதைப் பரப்பியவன் என் மனைவியின் தம்பி. வீட்டில் அவனுக்கு ரேடியோ என்று பெயர். இந்த ரேடியோவுக்கு அணைக்கும் பொத்தான் கிடையாது. அதனால்தான் அவனை முதல் ஆளாக அழைத்தேன்.

பந்தயத்துக்கு முந்தின நாள், சாப்பாட்டு மேசையில், யாரெல்லாம் வருகிறார்கள் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். மகள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்பா, நான் ஜெயிக்கறதுக்கு ஓடலை. பேஸரா ஓடறேன்.”

பேஸர் என்பது பந்தயத்தில் ஒரு பிரிவு என்று நினைத்து, அதில் எத்தனை பேர் போட்டி என்று கேட்டேன். அவள் நிதானமாக விளக்கினாள். எல்லோருக்கும் முன்னால், எதிர்க்காற்றைத் தாங்கிக்கொண்டு, சொன்ன வேகத்தில் சீராக ஓட வேண்டும். பின்னால் வருகிறவர்கள் அந்த வேகத்தைப் பிடித்துக்கொள்வார்கள். பாதித் தூரம் ஆனதும் ஒதுங்கிவிட வேண்டும். குறித்த நேரத்துக்குள் ஓடி முடித்தால் வெளிநாட்டுப் போட்டிக்குத் தேர்வாகிவிடக்கூடிய இளம்பெண் ஒருத்தி இருக்கிறாள். அவளுக்காகத்தான் இந்த ஏற்பாடு. இதை ஒழுங்காகச் செய்தால் என் மகளைத் தொடர்ந்து கூப்பிடுவார்கள். பேச்சை மீறி ஏதாவது செய்தால் இதோடு சரி.

நான் கோர்ட்டில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். கூண்டில் ஏறிய சாட்சி, விசாரணை முடியாமல் தன் இஷ்டத்துக்கு இறங்கிப் போய் நான் பார்த்ததில்லை. கடைசியாக வந்தாலும் பரவாயில்லை, ஓடி முடித்துவிட்டு வா என்றேன்.

“முடிக்கிற அளவுக்குக் கால் தாங்காதுப்பா. ஆனா அந்தப் பாதியை இப்ப என்னை மாதிரி சீரா ஓட இங்க ஆள் இல்லை.”

“அடுத்தவ ஜெயிக்கறதுக்கு நம்ம வீட்டுப் பொண்ணு ஓடணுமா?”

அவள் எழுந்து கை கழுவப் போனாள். என் மனைவி மட்டும், “உங்க பெருமைக்கு நீங்களே ஒருநாள் கால்சட்டை மாட்டிக்கிட்டு ஓடுங்களேன்” என்றாள். நான் சிரிக்கவில்லை.

மறுநாள் மாலை அரங்கின் சிமெண்டுப் படிகளில் பன்னிரண்டு உறவினர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். வெடிச் சத்தம் கேட்டதும் என் மகள்தான் முன்னால் போனாள். தோள் அசையவில்லை, தலை ஆடவில்லை. ஒவ்வொரு சுற்றிலும் அவளுக்குப் பின்னால் அந்த இளம்பெண் நிழல்போல ஒட்டிக்கொண்டு வந்தாள். ரேடியோ எழுந்து நின்று கை தட்டினான். என் நெஞ்சு நிமிர்ந்தது. கூடவே, இப்போது விலகிவிடுவாளே என்று சுற்றுகளை எண்ணிக்கொண்டிருந்தேன். என் பேச்சைக் கேட்டு ஓடிக்கொண்டே இருப்பாளோ என்று ஒரு ஆசை. அப்படி ஓடினால் அந்தக் கால் என்ன ஆகும் என்று ஒரு பயம்.

பாதித் தூரம் வந்ததும் அவள் கையை லேசாக அசைத்துவிட்டு வலது பக்கம் ஒதுங்கினாள். மற்றவர்கள் அவளைத் தாண்டிப் போனார்கள். முழங்காலில் கை ஊன்றி மூச்சு வாங்கினாள்.

“என்ன மச்சான், மறுபடியும் விட்டுட்டாளே? கால்ல ஏதாச்சுமா?” என்றான் ரேடியோ. வரிசை முழுவதும் என்னைப் பார்த்தது.

கால்தான் என்று சொல்லியிருக்கலாம். எல்லோரும் உச்சுக்கொட்டியிருப்பார்கள், மானம் தப்பியிருக்கும். ஆனால் நன்றாக ஓடிய காலை ஊனமென்று என் வாயால் சொல்ல மனம் வரவில்லை.

“கால் நல்லாத்தான் இருக்கு. அவ வேலையே பாதித் தூரம்தான். முன்னால போகுதே, அந்தப் பொண்ணுக்காக ஓடினா.”

“அடுத்தவ ஜெயிக்கறதுக்கா? நம்ம வீட்டுப் பொண்ணா?”

முந்தின நாள் நான் கேட்ட அதே கேள்வி. அவன் வாயிலிருந்து வந்தபோது எனக்கு எரிச்சலாக இருந்தது. தடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இளம்பெண் குறித்த நேரத்துக்குள் ஓடி முடித்தாள். போட்டோக்காரர்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். பயிற்சியாளர் மட்டும் கூட்டத்தை விட்டு வந்து என் மகளின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

அவள் படியேறி எங்களிடம் வந்தபோது முகத்தில் அத்தனை வெளிச்சம். அதை நான் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது.

“அடுத்த பந்தயத்துக்கும் கூப்பிட்டுட்டாங்கப்பா. வருவீங்கல்ல?”

“நீ போம்மா. யார் கேட்டாலும் உன் வேலை இதுதான்னு நான் சொல்லுவேன். ஆனா நீ ஒதுங்கி நிக்க, மத்தவங்க தாண்டிப் போறதை உட்கார்ந்து பார்க்க என்னால முடியாது.”

அவள் முகம் வாடியது. வற்புறுத்தவில்லை. ஷூவின் நாடாவை அவிழ்க்கக் குனிந்துகொண்டாள்.

“நான் வரேன்டி” என்றாள் என் மனைவி.

அடுத்த பந்தயம் எங்கே, எந்த பஸ்ஸில் போவது என்று பேசிக்கொண்டே இருவரும் படியிறங்கினார்கள். நான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன்.