பானெட் மூட வேண்டும்

எங்கள் பழைய கார் கிளப்பில் ஒரு சட்டம் உண்டு. வசந்தகாலக் கூட்டத்துக்கு வண்டி தன் சொந்த எஞ்சினில் ஓடி வரவேண்டும், பானெட் மூடித் தாழ்ப்பாள் விழுந்திருக்க வேண்டும். மூன்று வருடம் தொடர்ந்து வண்டியை ட்ரெய்லரில் ஏற்றிக்கொண்டு வந்தால், பின் கண்ணாடியில் தொங்கும் கிளப்பின் அலுமினியத் தகட்டைக் கழற்றிவிடுவார்கள். ஓரன் இரண்டு வருடம் ட்ரெய்லரில் வந்துவிட்டான்.

ஓரன் என் முன்னாள் மனைவியின் அண்ணன். அவள் போய் ஏழெட்டு வருடம் ஆகிறது. இவன் போகவில்லை. நான் கேரட் கழுவிப் பைகளில் அடைக்கும் கம்பெனியில் நைட் ஷிஃப்ட் முடித்து வீட்டுக்குப் போகும் வழியில் அவன் ஷெட் இருக்கிறது. காலேஜை பாதியில் விடுவதற்கு முன் நான் உருப்படியாகக் கற்றுக்கொண்டது வெல்டிங் மட்டும்தான். அதனால் அந்தக் குளிர்காலம் முழுக்கத் தூங்க வேண்டிய நேரத்தில் அவன் ஷெட்டில் இருந்தேன்.

வண்டி ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதாம் வருஷத்து மெர்க்குரி கார். உள்ளே பழைய கேடிலாக் எஞ்சின், அதன் தலையில் முன்னும் பின்னுமாக இரண்டு கார்புரேட்டர். இரண்டையும் சேர்த்து மூடுகிற மாதிரி, இரண்டு பக்கமும் காது விரித்த ஒரு பழைய ஏர் ஃபில்டர் ஓரனிடம் இருந்தது. அதை வைத்தால் பானெட் மூடவில்லை. சின்ன ஃபில்டர் இரண்டு வாங்கி மாட்டு என்று எல்லோரும் சொன்னார்கள்.

"சாலட் கிண்ணத்தை கவுத்து வச்ச மாதிரி இருக்கும். அதுக்கு நான் பஸ்ல போயிடுவேன்" என்றான் ஓரன்.

பானெட்டில் ஓட்டை போடவும் விடமாட்டான். ஆகவே ஃபில்டரின் அடித்தட்டை அறுத்து, ஆழமாக்கி, கார்புரேட்டரின் கழுத்தைச் சுற்றி இறங்கும்படி நான் திரும்பப் பற்றவைத்தேன். மேல்மூடியின் மீது களிமண் உருண்டைகளை வைத்து, பானெட்டை மூடித் திறந்து, நசுங்கிய உருண்டையின் கனத்தைப் பார்ப்போம். அதுதான் மீதமிருக்கும் இடைவெளி. முதல் தடவை காகிதம்போல் இருந்தது.

"இன்னும் எறக்கு மாப்ள."

"எறக்கினா அடித்தட்டு எஞ்சின்ல இடிக்கும்டா."

"மூடியோட ஒசரத்தை கொறை அப்ப."

குறைத்தேன். களிமண் ஒரு பிஸ்கட் கனத்துக்கு வந்தது. ஓரன் அதை எடுத்து ஜன்னலோரம் காயவைத்தான், ஏதோ பதக்கம் மாதிரி.

கூட்டத்துக்குக் கிளம்பிய சனிக்கிழமை காலை வண்டி பூனைபோல் ஓடியது. பேக்கர்ஸ்ஃபீல்ட் ஊரைத் தாண்டி ஆரஞ்சுத் தோட்டங்கள் வரை ஒரு குறையும் இல்லை. டெஹாச்சப்பி மலை ஏற்றத்தில் பாதி ஏறியதும் இருமியது. ஓரன் இன்னும் மிதித்தான். இன்னும் இருமியது. ஓரமாக ஒதுக்குவதற்குள் நின்றேவிட்டது.

பானெட்டைத் திறந்து, ஃபில்டர் மூடியைக் கழற்றிவிட்டுச் சாவியைத் திருப்பினோம். உடனே பிடித்துக்கொண்டது. மூடியைப் போட்டு ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் செத்தது.

மூடியைக் கவிழ்த்துப் பார்த்தேன். உட்புறத்தில் நான்கு வட்டத் தழும்பு, பித்தளை நிறத்தில். கார்புரேட்டரில் பெட்ரோல் நிற்கும் கிண்ணங்கள் மூச்சுவிடுவதற்குச் சின்னக் குழாய்கள் மேலே நீட்டிக்கொண்டிருக்கும். என் மூடி நான்கின் வாயையும் அடைத்துவிட்டது. கிண்ணத்துக்குள் காற்று போகவில்லை, பெட்ரோல் சரியாக வெளியே வரவில்லை. சமவெளியில் எஞ்சின் கொஞ்சம்தான் குடிக்கும், அதனால் சமாளித்திருக்கிறது.

"வீட்டுல ஓடுச்சேடா" என்றான் ஓரன்.

"வீட்டுல ட்யூன் பண்றப்ப மூடியைக் கழட்டித்தானே வச்சிருந்தோம்? மூடியைப் போட்டு களிமண் வச்சப்ப எஞ்சின் ஓடல."

லாரிகள் எங்களை உலுக்கிக்கொண்டு ஏறிப் போயின.

ஃபில்டரே இல்லாமல் போய்விடலாம் என்றேன். கடைசி நான்கு மைல் மண் ரோடு, முன்னால் முப்பது வண்டி கிளப்புகிற புழுதி, இப்போதுதான் பிரித்துப் புதுப்பித்த எஞ்சின். "அதுக்கு நீயே ஒரு பிடி மண்ணை அள்ளி உள்ள போட்டுடு" என்றான். குழாய்களைக் குட்டையாக்கலாம் என்றால் கையில் இருந்தது கட்டிங் பிளையர் மட்டும். வெட்டினால் நசுங்கி நிரந்தரமாக அடைத்துக்கொள்ளும்.

அப்போது ஆர்டித்தின் ஊதா நிற செவ்ரோலே பின்னால் வந்து நின்றது. கிளப்பின் தலைவி, எழுபது வயது. யார் தகடு இருக்கும், யார் தகடு போகும் என்று வாசலில் நின்று சொல்பவள் அவள்தான்.

"என்ன ஓரன், ட்ரெய்லருக்கு ஃபோன் போட்டாச்சா?"

"இன்னும் உயிர் போகல ஆர்டித்."

"எஞ்சினைச் சொல்றியா, உன்னையா?" என் பக்கம் திரும்பினாள். "தூங்காத கண்ணை வச்சுக்கிட்டு நீ வெல்டிங் அடிச்சதா இது? நல்லாத்தான் இருக்கு. மூச்சு விடத்தான் வழியில்ல."

"வாஷர் இருக்கா?" என்று கேட்டேன்.

"கருவி குடுக்கலாம், கயிறு கட்டி இழுக்கத்தான் கூடாது" என்று வாஷர் டப்பாவையும் ஒரு ஸ்பானரையும் எடுத்துத் தந்தாள். பிறகு, "வாசல்ல பாக்கறேன்" என்று போய்விட்டாள்.

காலடி ரப்பர் விரிப்பை வளையமாக வெட்டி ஃபில்டருக்கு அடியில் கொடுத்தேன். மூடி உயர்ந்து குழாய்களை விட்டது. எஞ்சின் முழுசாகக் குரல் கொடுத்தது. ஆனால் இப்போது பானெட் மூடாது. பின்னாலிருக்கும் கீல்களைத் தளர்த்தி, அடியில் வாஷர்களை அடுக்கி, பானெட்டின் பின்பக்கத்தையே தூக்கிவிடலாம் என்றேன். ஓரன் முகம் தொங்கிவிட்டது. அந்தப் பானெட்டின் ஓர இடைவெளியை இரண்டு பக்கமும் ஒரே அளவில் கொண்டுவர ஒரு மாதம் செலவழித்தவன் அவன்.

"முதலை வாயைத் திறந்த மாதிரி இருக்கும்டா."

"தகடு வேணுமா வேண்டாமா?"

ஸ்பானரை என் கையிலிருந்து பிடுங்கி அவனே கீலைத் தளர்த்தினான்.

பானெட்டை இறக்கும்போது அதன் பின் ஓரம் கண்ணாடிக்குக் கீழிருந்த பெயின்ட்டைக் கீறிக்கொண்டு இறங்கியது. அந்தச் சத்தம் இருவருக்கும் கேட்டது. முன்னால் தாழ்ப்பாள் விழுந்தது. இனி திறந்தால் பெயின்ட் இன்னும் கொஞ்சம் போகும். மலை ஏறி, இறங்கி, மண் ரோட்டில் புழுதி குடித்து, கூட்டம் நடக்கும் காய்ந்த ஏரிக்குப் போய்ச் சேர்ந்தோம். வழியில் வண்டி ஒரு தடவைகூட இருமவில்லை.

ஆர்டித் பானெட்டின் பின்சந்தில் இரண்டு விரலை விட்டுப் பார்த்தாள்.

"இது தொறந்துதானே கெடக்கு?" என்றான் கூட நின்ற ஒருவன்.

அவள் முன்னால் வந்து பானெட்டின் மூக்கைப் பிடித்து, வண்டியே ஆடுகிற மாதிரி மேலே இழுத்தாள். தாழ்ப்பாள் விடவில்லை.

"மூடியிருக்கு. அசிங்கமா மூடியிருக்கு. உள்ள போ."

தகடு பின் கண்ணாடியிலேயே இருந்தது. நாங்கள் நிழலில் நாற்காலி போட்டு பீன்ஸும் சுட்ட இறைச்சியும் சாப்பிட்டோம். ஓரன் குளிர்காலம் முழுக்க அந்த ஃபில்டரைப் பற்றிப் பேசியிருந்ததால் ஆள்மாற்றி ஆள் வந்து, "எங்க, தொறந்து காட்டு" என்றார்கள். அவன் எழுந்துபோய் பானெட்டின் மேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றான்.

"மூடியிருக்கணும்னுதானே சட்டம்?" என்று ஒவ்வொருவருக்கும் சொன்னான். சாயங்காலம் வரை அந்தக் கையை எடுக்கவில்லை.