இரண்டு நொடி தாமதம்

அமெரிக்காவில், படப்பிடிப்பு ஊரான பர்பாங்கில் லோவலின் வேலை, தொலைக்காட்சித் தொடர்களுக்குச் சிரிப்புப் போடுவது. கறிக்கு உப்புப் போடுகிற மாதிரிதான். தட்டச்சு இயந்திரம் போன்ற ஒரு பெட்டி. விசைக்கு விசை ஒரு கூட்டத்தின் சிரிப்பு. பதிந்துவைத்த பாட்டை 'டப்பாப் பாட்டு' என்று நக்கலடித்த ஊர், இதற்கும் 'டப்பாச் சிரிப்பு' என்று பெயர் வைத்துவிட்டது. "சரியான பேருதான். மீன் டப்பாவுலயும் உள்ள இருக்கறது உயிரோடவா இருக்கு?" என்பான் லோவல். பெட்டிக்குள் சிரித்தவர்களில் பாதிப்பேர் இப்போது இல்லை.

ஏழாம் விசையில் ஒருத்தி இருந்தாள். எல்லோரும் ஓய்ந்து இரண்டு நொடி கழித்து, விக்கல் போலச் சிரிப்பாள். பதினோரு வருடங்களுக்கு முன் ஓர் ஊமைக்கூத்தில் பதிந்தது. பேச்சில்லாத கூத்தில்தான் சிரிப்புச் சுத்தமாகக் கிடைக்கும். அவள் வெர்னா, லோவலின் மனைவி. செத்து மூன்று வருடம். புகைப்படங்கள் நிறைய உண்டு. குரல் என்று மிஞ்சியது பெட்டிக்குள் இருந்த அந்த ஒரு சாண் ஒலிநாடாதான்.

தயாரிப்பாளர் ஹாஸ்கல் ஒரு கடிதத்தோடு வந்தார்.

"ஒஹாயோவுலேர்ந்து ஒரு கிழவி எழுதியிருக்கா, வாராவாரம் ஒரே பொம்பள லேட்டாச் சிரிக்கிறாளாம். காது மந்தமான்னு கேக்கறா."

"காது நல்லாத்தான் இருந்துச்சு பாஸ். என் ஜோக்கக் கேட்டுக் கேட்டுப் புத்திதான் மந்தமாயிருச்சு."

"யாருய்யா அது?"

"யாரோ."

"நாளைக்கு நம்ம தொடருக்குப் பணம் போடற சோப்புக் கம்பெனிக்காரர் பார்க்க வர்றாரு. அதுக்குள்ள அவ போகணும். இல்லன்னா நீ போவே."

லோவல் நாடாவை வெட்டிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். ஏழாம் விசை ஊமையானது.

மறுநாள் மதியம், ஒலிச்சேர்ப்பு அறையில் மூன்றே பேர். திரையில் மாமனார் கேக்கின் மேல் உட்கார்ந்தார். லோவல் விசைகளை அமுக்கினான். கூட்டம் சிரித்து ஓய்ந்தது.

ஒன்று. இரண்டு.

பின்வரிசையிலிருந்து அந்த விக்கல் வந்தது.

"அட, இது நெசமான சிரிப்பு!" என்றார் சோப்புக்காரர், திரையைவிட்டுக் கண்ணெடுக்காமல்.

"எடுக்கச் சொன்னேன்ல?" ஹாஸ்கல் பல்லைக் கடித்தார்.

லோவல் சட்டைப்பையிலிருந்து நாடாவை எடுத்துக் காட்டினான். அவனும் ஹாஸ்கலும் திரும்பிப் பார்த்தார்கள். பின்வரிசையில் மடக்கு நாற்காலிகள் எல்லாம் மடங்கியிருந்தன, ஒன்றைத் தவிர. அதுவும், யாரோ எழுந்துகொண்டதைப் போல, மெல்ல மடங்கிக்கொண்டது.

ஹாஸ்கல் அதற்கப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. ஒவ்வொரு சிரிப்புக்கும் பின்னால் லோவல் இரண்டு நொடி வெறுமனே விட்டுவைக்கிறான். சில வாரம் ஒன்றும் வருவதில்லை.

"இந்த வாரம் ஜோக்கு மட்டம்" என்று பெட்டியை மூடிவிடுவான்.