கால் தூக்கி நின்ற நாரை

"செவுத்துல மாட்டியிருக்கறது நான் எடுத்த படம் சார், கழட்டிக் குடுங்க." 1992 ஐப்பசியில் ஜெயகுமாரி இப்படிக் கேட்டாள். கேட்கவே கூடாதென்று அவள் அம்மா சகாயம்மாள் வருடக்கணக்காகத் தலையில் அடித்துக்கொண்டு சொன்னது இதைத்தான். அந்தப் படத்துக்குள் நாரை நடந்துகொண்டிருந்தது. அதே நாரை திருவேற்காட்டுக் கூவத்தில், படம் எடுத்த நொடியில் தூக்கிய காலை இன்னும் இறக்காமல் நின்றிருந்தது.

ஞாயிறுதோறும் கூவம் கரையில் பறவை பார்க்கப் போகும் கூட்டத்தை நடத்தியவர் கஜபதி, அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனி மேனேஜர். கூட்டத்துக்கே கேமரா ஒன்றுதான், அவருடையது. கழுத்துக்குக் கழுத்து மாற்றிக்கொண்டு எடுப்பார்கள். யார் எடுத்தாலும் கேமராக்காரர் பெயரில்தான் படம் போட்டிக்குப் போகும், அதுதான் வழக்கம். வீட்டில் முதல் ஆளாகக் கல்லூரிக்குப் போய் விலங்கியல் பட்டம் வாங்கிய ஜெயகுமாரிக்குத் தன் கம்பெனி லேபில் வேலை போட்டுத் தருவதாகக் கஜபதி சொல்லியிருந்தார். அதனால் மூன்று வருடம் முன்பு நாரையைப் படம் எடுத்த அன்று வாயை மூடிக்கொண்டு கேமராவைத் திருப்பிக் கொடுத்தாள்.

மறுவாரமும் நாரை அதே காலைத் தூக்கிக்கொண்டு நின்றது. "கால் கடுக்காதா மாமே அதுக்கு?" என்றான் கூட்டத்தில் வந்த துலுக்கானம். "கெவுருமெண்டு உத்தியோகம்டா, நின்னுகினு இருந்தா போதும்" என்றார் பக்கத்தில் நின்ற கன்னியப்பன். அடைமழை வெள்ளம் அதைச் சுற்றிக்கொண்டு போனது. எருமை குளிப்பாட்டுகிறவர்கள் அதன் அலகில் துண்டு காயப்போட்டார்கள். பூந்தமல்லி வேன்காரர்கள் அந்த நிறுத்தத்தை நாரை என்றே கூவி ஆள் ஏற்றினார்கள். பரிசு வாங்கிய படமோ கஜபதி வீட்டுக் கூடத்தில் தொங்கியது. வந்தவர்கள் காபி குடித்தபடி நாரை மீன் கொத்துவதைப் பார்த்துவிட்டுப் போனார்கள். படத்தில் விழுந்தது ஒரு முழம் தண்ணீர்தான். மூன்றாம் வருடம் அதில் மீன் தீர்ந்தது. நாரையின் கழுத்தில் எலும்பு தெரிந்தது.

"அடுத்த மாசம் டெல்லி கண்காட்சிக்குப் போவுதும்மா, அதுவரைக்கும் தாங்கும்" என்றார் கஜபதி, படத்தைக் கேட்டு வந்து நின்ற ஜெயகுமாரியிடம். "கேமரா என்னுது. திங்கக்கெழம உன் ஆர்டர டைப் அடிக்கச் சொல்லியிருக்கேன். இப்ப போயி இப்டிப் பேசறியே."

"மூணு வருசமா அதே திங்கக்கெழமதான் சார். கேமரா உங்களுது, சரி. நாரையுமா உங்களுது?"

"இந்தப் படம் போச்சுன்னா வேலையும் போச்சு. யோசிச்சுக்கோ."

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, ஆணியிலிருந்து படத்தைக் கழற்றி, இடுப்பில் இடுக்கிக்கொண்டாள். நாரை தடுமாறிச் சிறகை விரித்துச் சமாளித்தது. கஜபதியின் மனைவி பத்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "சாய்க்காம எடுத்துக்கினு போம்மா, இப்பத்தான் தரை தொடச்சேன்" என்றாள்.

ஜெயகுமாரி படியிறங்கித் தெருவுக்கு வந்தாள். சட்டத்தின் அடியிலிருந்து கூவம் கசிந்து அவள் சேலையை நனைத்தது. நாரையை வெளியே விட, கண்ணாடியை எந்தக் கல்லில் உடைப்பது என்பதைத் தவிர அவள் யோசிக்க ஒன்றும் பாக்கியில்லை.