மூடியில் ஓட்டை

என்னை ஊறுகாய் பாட்டிலுக்குள் போட்டு என் கணவர் குணாளன் வாட்ஸ்அப் குடும்பக் குழுவில் அனுப்பிய அன்று, சொந்தபந்தமெல்லாம் விழுந்து விழுந்து சிரித்தது. நானும்தான் சிரித்தேன். கூலிம் டவுனில் பேனர் அடிக்கும் கடையில் அவருக்கு வேலை. பிறந்தநாள், கோயில் திருவிழா, கருமக்கிரியை என்று எல்லாவற்றுக்கும் முகங்களை வெட்டி ஒட்டுவதுதான் தொழில். வீட்டில் பொழுது போகாமல் என்னை வெட்ட ஆரம்பித்தார்.

வெள்ளைச் சுவர் முன்னால் உட்கார வைத்து, "ரெண்டு கையையும் முன்னால வை லோகா. கண்ணாடியில சாஞ்சிருக்க மாதிரி" என்றார். வைத்தேன். கணினியில் என்னைச் சுருக்கிப் பாட்டிலுக்குள் இறக்கி, அந்தப் பாட்டிலை ஜெராய் மலை உச்சியில் ஒரு நாள், எஸ்டேட் செம்பனைக் குலைகள் மேல் ஒரு நாள் என்று வைத்தார்.

"ஆள உள்ள போடறது ஈசிலா. இந்த நிழல்தான் சரியாவே வர மாட்டேங்குது" என்று அலுத்துக்கொள்வார். உண்மைதான். எங்கே வைத்தாலும் பாட்டிலின் நிழல் மட்டும் ஒட்டாமல் நிற்கும்.

பிறகு ஒரு படத்தில் பாட்டிலுக்கு மூடி வந்தது.

"மூடி எதுக்குங்க?"

"மூடி இல்லாம பாட்டில் நல்லாவா இருக்கு?"

அடுத்த படத்தில் மூடியில் சின்னச் சின்ன ஓட்டைகள். 'மூச்சு விடணும்ல' என்று கீழே எழுதியிருந்தார். 'மாப்பிள்ளைக்கு எவ்வளவு அக்கறை!' என்று என்னைப் பெற்ற மகராசியே பதில் போட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவர் என்னை அடித்ததில்லை. அடித்திருந்தால் அம்மாவிடம் காட்ட ஒரு தழும்பாவது இருந்திருக்கும். என் பேங்க் கார்டு அவர் பையில் இருக்கும். என் போனைத் தினமும் திறந்து பார்ப்பார். என் தோழிகள் ஒவ்வொருத்தியாக நாங்கள் இருக்கும் பாடாங் மேஹா பக்கம் வருவதையே விட்டுவிட்டார்கள். இதையெல்லாம் யாரிடம் சொன்னாலும், பொண்டாட்டியைப் படம் எடுத்துக் கொண்டாடுகிற புருஷன் எத்தனை பேருக்கு வாய்க்கும் என்பார்கள்.

போன மாதம் வந்த படத்தை வேலையிடத்தில் நூருல் ஐனிடம் காட்டினேன். என் பக்கத்து மேசையில் கையுறை பொட்டலம் கட்டுகிறவள் அவள். அந்தப் படத்தில் நான் கம்பெனி யூனிஃபார்மோடு பாட்டிலுக்குள் இருந்தேன். உள்ளங்கை இரண்டும் கண்ணாடியில் அழுந்தியிருந்தன. அப்படி நான் அவருக்கு உட்காரவே இல்லை.

அவள் சிரிக்கவில்லை. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"அக்கா, இது பாட்டில் கண்ணாடி இல்ல. கன்னத்துல மழைத்துளி நிழல் விழுது பாருங்க. நீங்க கம்பெனி வேன்ல ஜன்னலைத் துடைக்கறீங்க. யாரோ ரோட்டுல நின்னு எடுத்திருக்காங்க."

நான் ஜன்னலைத் துடைத்த அந்த மழை நாளில், தொலைவில் கோத்தா கோலா மூடாவில் திருவிழாப் பேனர் கட்டப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவர் அவர்.

"எங்க மாமி வீட்டுக்கு வந்துடுங்கக்கா" என்றாள் அவள். தஞ்சோங் டாவாயில் சுலைஹா மாமியோடு இருக்கிறாள் அவள். ஒரு சனிக்கிழமை ஓவர்டைம் என்று பொய் சொல்லிவிட்டுப் போய்ப் பார்த்தேன். நீல மரப்படி வைத்த சின்ன வீடு. "எத்தன நாள் வேணாலும் இரும்மா" என்றார் மாமி, காரணம்கூடக் கேட்காமல். யாரும் பின்னால் வரவில்லை என்றுதான் நினைத்தேன்.

நேற்று வேலை முடிந்ததும் என் வேனில் ஏறாமல் நூருல் ஐனின் வேனில் ஏறினேன். பையில் இரண்டு செட் துணியும் அடையாள அட்டையும் மட்டும். வழியில் மெர்போக் தாண்டியபோது எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு முழு மூச்சு விட்டேன். அப்போது போன் சிணுங்கியது. குடும்பக் குழுவில் புதுப் படம்.

ஊறுகாய் பாட்டில் காலியாக இருந்தது. மூடி பக்கத்தில் கழற்றி வைக்கப்பட்டிருந்தது. 'கழுவி ரெடியா வெச்சிருக்கேன்.' கீழே அம்மாவின் சிரிப்புப் பொம்மைகள் வரிசையாக வந்துகொண்டிருந்தன.

பாட்டில் நின்றது ஒரு நீலப் படியில். பக்கத்தில் ஒரு ரோஜாத் தொட்டி. நூருல் ஐன் எட்டிப் பார்த்தாள்.

"இந்தத் தொட்டிய இன்னிக்குக் காலையிலதான் நான் படியில தூக்கி வெச்சேன்."

நான் நிழலைப் பார்த்தேன். மாலை வெயிலில் தொட்டியின் நிழல் நீளமாகச் சாய்ந்திருந்தது. பாட்டிலின் நிழலும் அதே பக்கம், அதே நீளத்துக்குச் சாய்ந்து, படியின் விளிம்பில் சரியாக மடிந்து இறங்கியது. அவருக்கு ஒருநாளும் வராத நிழல். இந்தப் படத்தில் அவர் எதையும் ஒட்டவில்லை.

நூருல் ஐன் மாமிக்குப் போன் அடித்து, ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஐனு, எங்க இருக்கீங்க? லோகா வீட்டுக்காரரு வந்து ரொம்ப நேரமாச்சு. நல்ல தமாஷான புள்ளலா" என்று மாமி சிரித்தார். "இப்பதான் என்னையும் ஒரு படம் புடிச்சாரு. ரெண்டு கையையும் முன்னால வைக்கச் சொன்னாரு, கண்ணாடியில சாஞ்சிருக்க மாதிரி."

"மாமி, அந்த ஆள வெளிய அனுப்பிட்டுக் கதவச் சாத்துங்க!"

"கதவா? அதை அவரே உள்ளேர்ந்து சாத்திட்டாரும்மா. கொசு வருதாம்."