ஐந்தாம் நாள் குளியல்

ஜனவரி பதினொன்றாம் தேதி திங்கட்கிழமை, காலை ஒன்பதரை மணிக்கு எங்கள் கால்நடை மருத்துவமனையின் முன்னறையில் இருந்தவர்கள்: வாசலை ஒட்டிய நாற்காலியில் டொன் எவரிஸ்தோ, மடியில் கண் வீங்கிய சண்டைச்சேவல். மின்விசிறிக்கு நேர் கீழே ஆசிரியை நியேவெஸ், துணிப்பையிலிருந்து தலையை மட்டும் நீட்டிய பூனையுடன். மூன்றாவது நாற்காலி காலியாக இருந்தும் டோன்யா ஒஃபீலியா தரையில் உட்கார்ந்திருந்தார், நாயின் தலை அவர் தொடையில் கிடந்தது. மேசைக்குப் பின்னால் நான், எதெல்வீனா. பதினான்கு வருடமாக அங்கே பதிவேடு எழுதுகிறேன். டாக்டர் ஃபௌஸ்தோ உள்ளறையில் இருந்தார். யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்று நான் இவ்வளவு திருத்தமாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அன்று டாக்டர் சொன்னதை இவர்கள் அத்தனை பேரும் கேட்டார்கள்.

நாயின் பெயர் சொலோவினோ. தானாக வந்தவன் என்று பொருள். எங்கள் ஊரில் பாதி நாய்களுக்கு அதுதான் பெயர். அதன் கழுத்தில் ஏழு எலுமிச்சம்பழங்களைக் கோத்த மாலை. நாய்க்குச் சளி, இருமல், காய்ச்சல் எது வந்தாலும் எங்கள் வெராக்ரூஸ் பக்கம் முதல் வைத்தியம் இதுதான். அதன் கண்களில் பீளை கட்டியிருந்தது. வாயில் எதுவுமில்லாமலே தாடை மென்றுகொண்டிருந்தது. அந்த மெல்லுதலைப் பார்த்தவுடன் என்ன நோய் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"எலுமிச்சை மட்டும் போதுமாக்கா? உப்பும் மிளகாயும் தூவலையா?" என்றார் எவரிஸ்தோ.

"நீ முதல்ல உன் சேவல் கண்ணப் பாரு. ஜெயிச்சு வந்த மூஞ்சியா அது?" என்றார் ஒஃபீலியா. குரலில் சண்டைக்கான தெம்பு இல்லை. விடியற்காலை நான்கரை மணியிலிருந்து பஸ் நிறுத்தத்தில் சோளமாவை வாழையிலையில் பொதிந்து அவித்த தமாலே விற்றுவிட்டு, மீதியை யாரிடமோ ஒப்படைத்துவிட்டு வந்திருந்தார். மூன்று வருடமாக அவருடைய தமாலே அண்டாவுக்குக் காவல் இந்த நாய்தான்.

டாக்டர் வெளியே வந்தார். மாலையைப் பார்த்துச் சிரித்தார். குனிந்து இமையை விரித்தார். சிரிப்பு நின்றது. "டிஸ்டெம்பர்" என்றார், நாய்க்கு நாய் தொற்றிக் கொல்லும் நோய். "ஊசி போட்டிருக்கா?"

ஒஃபீலியா ரவிக்கைக்குள்ளிருந்து தடுப்பூசிப் புத்தகத்தை எடுத்து நீட்டினார். நவம்பர் பதினான்கு. மருந்துக் குப்பியின் சிறு ஒட்டுத்தாள் நேராக ஒட்டப்பட்டிருந்தது. ஒட்டியவள் நான்.

டாக்டர் அந்தப் பக்கத்தைத் தேவைக்கு மேல் பார்த்தார். பிறகு கேட்டார்: "ஊசி போட்டப்புறம் குளிப்பாட்டினீங்களா?"

"குளிப்பாட்டினேன் டாக்டர். அஞ்சாம் நாள். அண்டா பக்கமே படுத்துப் படுத்து ஒரே எண்ணெய்ப் பிசுக்கு."

"அதான். பத்து நாள் தண்ணி படக்கூடாதுன்னு தாள் குடுத்தோமே, படிக்கலையா?"

"எனக்குப் படிக்க வராதுங்களே."

"படிக்க வராது, எலுமிச்சை கட்ட மட்டும் வருது. இப்படித்தான் நாயைக் கொல்றீங்க."

ஆசிரியை நியேவெஸ் 'ச்சு' கொட்டினார். எவரிஸ்தோகூட முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்தத் தாளை எழுதியவளும் நான்தான். குளித்தால் ஊசியின் பலம் போய்விடாது. ஊசி போட்ட உடம்பு குளிரில் நடுங்க வேண்டாமே என்று ஒரு முன்யோசனைக்காகச் சேர்த்த வரி அது. டாக்டர் என் வரியை எடுத்து அந்த மனுஷியின் தலையில் அடித்தார்.

உண்மை என் நோட்டில் இருக்கிறது. ஃபிரிட்ஜின் வெப்பத்தைக் காலை எட்டுக்கும் மாலை நான்குக்கும் குறித்து வைப்பது என் வேலை. அக்டோபர் இருபத்தேழு, வடக்குக் காற்று அடித்து மின்கம்பங்கள் சாய்ந்தன. இருபத்தெட்டு காலை: பத்தொன்பது டிகிரி. இருபத்தொன்பது: இருபத்தாறு. முப்பது: முப்பத்தொன்று. எட்டு டிகிரியைத் தாண்டவே கூடாத மருந்து. மின்சாரம் வந்ததும் குப்பிகளை அட்டைப் பெட்டியில் போட்டு, மேலே பெருக்கல் குறி போட்டு, எறிவதற்காகப் பின்கதவருகே வைத்தேன். மறுநாள் அவை ஃபிரிட்ஜில் பழைய தட்டிலேயே இருந்தன. கேட்டேன். "திரும்பக் குளிர்ந்திருச்சுல்ல, விடு" என்றார் டாக்டர். விட்டேன். நவம்பர் தடுப்பூசி முகாமில் அதே மருந்து அறுபத்து மூன்று நாய்களுக்குப் போனது. அறுபத்து மூன்று ஒட்டுத்தாள்களையும் கோணாமல் ஒட்டினேன்.

உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன். அவர் கை கழுவிக்கொண்டிருந்தார்.

"டாக்டர், குளிப்பாட்டினதால இல்ல."

"தெரியும்."

அந்த ஒரு சொல்லை நான் எதிர்பார்க்கவில்லை. மறுப்பார் என்று நினைத்து, நோட்டைக் கையிலேயே கொண்டுபோயிருந்தேன்.

"அப்புறம் ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"வேற என்ன சொல்றது? அந்த நாய் எப்படியும் பிழைக்காது. யாரோ ஒருத்தர் தப்புன்னு ஆகணும்."

"இன்னும் அறுபத்திரண்டு இருக்கு. திரும்ப ஊசி போட்டா தப்பிக்கும்."

"போடலாம். ஏன்னு கேட்பாங்க. மறுநாள் இந்தக் கதவுல பூட்டுத் தொங்கும். அடுத்த டாக்டர் ரெண்டு மணி நேர தூரத்துல. ஊர் மாட்டுக்கெல்லாம் நீயா பிரசவம் பாப்ப?" கையைத் துடைத்தார். "அந்த நாயை வலியில்லாம முடிச்சிரலாம். ஊசியை எடுத்து வை, எதெல்வீனா."

எடுத்து வைத்தேன். அதற்காக என்மேல் எனக்கு வந்த கோபம், அவர்மேல் வந்ததைவிடக் குறைந்ததல்ல.

ஒஃபீலியா நாயைத் தானே தூக்கி மேசைமேல் கிடத்தினார். ஊசி ஏறும்போது அதன் காதில் மெல்லச் சொன்னார்: "மன்னிச்சுக்கடா கண்ணு. நாத்தம் போகட்டும்னுதான்டா குளிப்பாட்டினேன். தெரியாமப் பண்ணிட்டேன்." டாக்டர் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போதாவது வாயைத் திறப்பாரா என்று பார்த்தேன். நாயின் தாடை மெல்லுவது நின்றது. அவர் ஊசியைத் தட்டில் வைத்தார், அவ்வளவுதான்.

திங்கட்கிழமை மதியங்களில் டாக்டர் மாட்டுப் பண்ணைகளுக்குப் போய்விடுவார். அவர் ஜீப் தெருமுனையைத் தாண்டியதும் முன்கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தேன். மேசையில் அவர் முன்கூட்டியே கையெழுத்துப் போட்ட கடிதத்தாள்கள் ஒரு கட்டு இருக்கிறது. மாதாமாதம் ஊசி நினைவூட்டல் எழுதுவதற்காக. அவர் எதையும் படிப்பதில்லை. அவர் பெயரிலேயே உண்மையை எழுதி அனுப்பினால் எப்படியிருக்கும் என்று ஒரு நிமிடம் ஆசையாகத்தான் இருந்தது. அந்தக் கட்டை இழுப்பறையில் போட்டு மூடினேன். ஒட்டுத்தாள்களை ஒட்டியவள் பெயரே கீழே இருக்கட்டும். வெள்ளைத்தாள் எடுத்தேன். பதிவேட்டு வரிசைப்படி அறுபத்திரண்டு பேருக்கும் ஒரே நான்கு வரிகள்: நவம்பரில் உங்கள் நாய்க்குப் போட்ட ஊசி வெப்பத்தில் கெட்டுப்போனது. அது காப்பாற்றாது. நோய் ஊருக்குள் வந்துவிட்டது. நாயை வெளியே விடாமல், எங்கேயாவது நல்ல மருந்தாகப் பார்த்து உடனே மறுபடி போடுங்கள். எதெல்வீனா, பதிவேடு எழுதுபவள்.

நாற்பதாவது கடிதத்தில் விரல் வலித்தது. வலிக்கட்டும் என்று எழுதினேன்.

அறுபத்து மூன்றாவதான கடைசிக் கடிதத்தை மட்டும் பெரிய எழுத்தில் எழுதினேன். அதைப் பஸ் நிறுத்தத்தில் தமாலே வாங்க வருகிறவர்களில் யாராவதுதான் ஒஃபீலியாவுக்கு வாசித்துக் காட்ட வேண்டும். உரக்க வாசிக்கட்டும், வரிசையில் நிற்கிற எல்லோருக்கும் கேட்கட்டும். 'சொலோவினோ நீங்கள் குளிப்பாட்டியதால் சாகவில்லை. மருந்து கெட்டிருந்தது. டாக்டருக்குத் தெரியும். போட்ட அன்றே எனக்கும் தெரியும்.'

ஆறு மணிக்கு ரொக்கேயின் வேன் வந்து ஹாரன் அடித்தது, அவன் இறங்கி உள்ளே வந்தான். எங்கள் நினைவூட்டல்களைத் தெருத் தெருவாகக் கொடுப்பவன் அவன்தான்.

"என்னக்கா இந்த மாசம் இவ்வளவு? ஊர் நாய்க்கெல்லாம் கல்யாணமா?"

"பேசாம வாங்கிக்க. ஒண்ணு விடாம இன்னைக்கே குடுத்துரணும்."

"யாரு என்ன பண்ணாங்க? உங்க மூஞ்சியே சரியில்லையே."

ஒஃபீலியாவுக்கான கடைசி உறையின் விளிம்பை நாக்கால் நனைத்து, மேசையில் வைத்து முஷ்டியால் அழுத்தி ஒட்டினேன். அவன் கடிதக் கட்டை வேனில் பக்கத்து இருக்கையில் போட்டுவிட்டு, இந்த ஒன்றை மட்டும் முன்கண்ணாடிக்கும் அதன் அடிப்பலகைக்கும் நடுவே செருகினான். நான் வாசலில் நின்று பார்க்க, வேன் சந்தையை நோக்கித் திரும்பியது. திருப்பத்தில் எதிரே டாக்டரின் ஜீப், விளக்குப் போட்டபடி வந்துகொண்டிருந்தது. குறுகலான தெரு. வேனுக்கு வழிவிட ஜீப் ஒதுங்கி நின்றது. அதன் வெளிச்சத்தில், கண்ணாடிக்குப் பின்னால் அந்த வெள்ளை உறை ஒரு கணம் பளிச்சென்று தெரிந்தது.